‘நீங்க எந்தத் தெரு?’: அன்றாடச் சாதிப் பார்வை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காவிரிப் பாசனப் பகுதியில் ஓர் ஊர்த்தெருவில் பிறந்தவள் நான். பதினெட்டு ஆண்டுகளாக அரசுப் பள்ளி ஆசிரியை. பெற்றோர் கூட்டம் முடிந்த பிறகும், கல்யாண வீட்டிலும், பேருந்திலும் சொந்தக்காரர்களும் சக ஆசிரியர்களும் பழைய மாணவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். வெட்டும் குத்தும் செய்தித்தாளில் வந்துவிடுகின்றன. அந்த அளவுக்குப் போகாத, தினமும் நடக்கிற, யாரும் புகார் எழுதாத காரியங்களைப் பற்றித்தான் இங்கே பேசப்போகிறேன்.

இந்தக் காலத்தில் யார் சாதி பார்க்கிறார்கள்?

2011-12இல் நடந்த இந்திய மனித மேம்பாட்டு ஆய்வில், உங்கள் வீட்டில் யாராவது தீண்டாமை கடைப்பிடிக்கிறார்களா என்று நேரடியாகவே கேட்டார்கள். நாடு முழுக்க ஏறக்குறைய 27 சதவீதக் குடும்பங்கள் ஏதோ ஒரு வகையில் கடைப்பிடிப்பதாக ஒப்புக்கொண்டன. வீடு தேடி வந்த முன்பின் தெரியாத ஆளிடம் வாயால் ஒப்புக்கொண்டவர்களின் கணக்கு இது. ஒப்புக்கொள்ளாதவர்கள் இதில் இல்லை.

இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். இந்தக் கேள்வியை என்னிடம் கேட்பவர்கள் எல்லோரும் ஊர்த்தெருக்காரர்கள். காலனியிலிருந்து, அதாவது ஊருக்கு வெளியே தலித் மக்கள் குடியிருக்கும் பகுதியிலிருந்து, வரும் ஒரு தாயோ தகப்பனோ ஒருமுறைகூட இதைக் கேட்டதில்லை.

ஊர், தெரு கேட்பது பழக்கத்துக்காகத்தானே? அதில் என்ன தப்பு?

ஊர் கேட்பதில் தப்பில்லை. எனக்கும் கேட்கப் பிடிக்கும். ஆனால் அந்தக் கேள்வி எங்கே போய் முடிகிறது என்று பாருங்கள். ‘எந்த ஊரு?’ என்று தொடங்கும். அடுத்து ‘ஊர்ல எந்தப் பக்கம்?’, ‘அப்பா பேரு?’, ‘குலதெய்வம் எது?’, ‘கறி சாப்பிடுவீங்களா?’ என்று வரும். ஐந்தாறு கேள்விக்குள் விஷயம் தெரிந்துவிடும். தெரிந்ததும் முகத்தில் ஒரு சின்ன மாற்றம் வரும். ஒன்று ‘அட, நம்ம ஆளு!’ என்று குரல் இளகும், இல்லையென்றால் பேச்சு மழைக்கும் பஸ்ஸுக்கும் தாவும்.

1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விடச் சொன்னது. அதைத் தமிழ்நாடு பெருமளவு கேட்டது. மற்ற மாநிலக்காரர்கள் நம்மிடம் ‘சர்நேம் என்ன?’ என்று கேட்டுக் குழம்புவது அதனால்தான். இது பெரிய காரியம், நான் குறைத்துச் சொல்லவில்லை. பெயரிலிருந்து போன தகவலைத் தெருவிலிருந்து எடுக்கப் பழகிக்கொண்டோம் என்பதுதான் எனக்கு வருத்தம். யாரையாவது ஊர் கேட்கும்போது, பதில் எதுவாக இருந்தாலும் நான் அடுத்துப் பேசப்போவது ஒன்றுதானா என்று மனதுக்குள் பார்த்துக்கொள்வேன். இல்லை என்று தோன்றினால் கேட்கமாட்டேன்.

வீடு என் சொந்தம். யாருக்கு வாடகைக்கு விடுவது என்பது என் விருப்பம் இல்லையா?

என் பழைய மாணவர் ஒருவர் சென்னையில் கணினி நிறுவனத்தில் நல்ல வேலையில் இருக்கிறார். நான்கு மாதம் வீடு தேடினார். புரோக்கர் காட்டிய வீடுகளில் எல்லாம் அட்வான்ஸ் பேச்சு வரை ஒழுங்காகப் போகும். கடைசியில் ஹவுஸ் ஓனர் ‘வெஜிடேரியன் மட்டும்தான்’ என்பார், அல்லது ‘வீட்டில் கலந்து சொல்லி அனுப்புறேன்’ என்பார். அந்த ஓனர்களில் ஒருவர் கீழ்த்தளத்தில் கோழிக்கறி சமைத்துக்கொண்டிருந்தார் என்று அவர் சொன்னபோது என்னால் பதில் பேச முடியவில்லை. அலுவலக நண்பர் ஒருவரின் பெயரில் ஒப்பந்தம் போட்டுத்தான் அவருக்கு வீடு கிடைத்தது.

சட்டம் உங்கள் விருப்பத்துக்கு விடவில்லை. 1955இல் வந்த தீண்டாமைக் குற்றச் சட்டம் 1976 முதல் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்ற பெயரில் இருக்கிறது. தீண்டாமையின் பெயரால் ஒருவர் ஒரு பகுதியில் வீடு கட்டவோ வாங்கவோ குடியிருக்கவோ தடை செய்வது அதன்படி குற்றம். நிரூபிப்பதுதான் கஷ்டம், ‘சொல்லி அனுப்புறேன்’ என்பதை எந்தக் காவல் நிலையத்தில் புகாராக எழுதுவது?

வேலைக்கும் இதே கதைதான். சுகதேவ் தோரட்டும் பால் அட்வெல்லும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றித் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பினார்கள். நேர்காணலுக்கு அழைக்கப்படும் வாய்ப்பு, உயர்சாதி இந்துப் பெயரோடு ஒப்பிட்டால் தலித் பெயருக்கு ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு.

வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்குத் தனி டம்ளர் வைத்திருக்கிறோம். சுத்தத்துக்காகத்தான், சாதிக்காக இல்லை.

அந்த டம்ளரைக் கழுவுவது யார்? அந்த அக்காதான். உங்கள் வீட்டு டம்ளர்களையும் அவர்தான் கழுவுகிறார். அவர் கை பட்டுச் சுத்தமான பாத்திரத்தில் நீங்கள் குடிக்கலாம், அவர் வாய் பட்டதை அவரே கழுவி வைத்தாலும் நீங்கள் குடிக்க முடியாது என்றால், சுத்தம் என்ற சொல்லை வேறு எதற்கோ பயன்படுத்துகிறோம்.

எங்கள் வீட்டில் கொல்லைப்புறத் திண்ணையில் ஒரு கொட்டாங்குச்சி செருகியிருக்கும். நடவுக்கு வருபவர்களுக்குப் பாட்டி உயரத்தில் இருந்து தண்ணீர் ஊற்றுவார். அவர்கள் குனிந்து கையை ஏந்திக் குடிப்பார்கள். அவர் கெட்டவர் இல்லை. அம்மை போட்ட வீட்டுக்கு இளநீர் கொடுத்துவிடுவார், பிரசவம் என்றால் அரிசியும் பருப்பும் அனுப்புவார். இதைப் பல வருடம் யோசித்திருக்கிறேன். மனதில் வெறுப்பே இல்லாமல்கூட ஒருவரைத் தினமும் குனிய வைக்க முடியும். வெறுப்பைத் தேடிக்கொண்டிருந்தால் இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. பாத்திரம் எங்கே இருக்கிறது, யார் எங்கே உட்காருகிறார்கள், யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்றுதான் பார்க்க வேண்டும்.

எங்கள் ஊர் டீக்கடையில் இரட்டை டம்ளர் இருந்தது. இப்போது இல்லை. பேப்பர் கப் வந்ததும் போனது. மனம் மாறி அது போகவில்லை. ஆனாலும் அந்தக் கடையில் வளர்ந்த என் மாணவர்கள் தனி டம்ளரைக் கண்ணால் பார்த்ததில்லை. எனக்கு அதில் நிம்மதி உண்டு.

வயதானவர்கள் மாற மாட்டார்கள். விட்டுவிடலாமே?

பாட்டியை விட்டுவிட்டதால் என்ன நடந்தது என்று சொல்கிறேன். என் தம்பி ஆறு வயதில், அறுபது வயதுக்காரர் ஒருவரைப் பெயர் சொல்லி ‘வாடா’ என்று கூப்பிட்டான். அந்தப் பெரியவர் ‘இதோ வர்றேன் சாமி’ என்றார். யாரும் தம்பிக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை, கேட்டு வளர்ந்தான். பெரியவர்களோடு சண்டை போட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் எதிரிலேயே நீங்கள் ‘வாங்க ஐயா, உட்காருங்க’ என்றால் போதும். பிள்ளைகள் இரண்டையும் கேட்பார்கள்.

பள்ளிக்கூடத்தில் எல்லோரும் ஒன்றாகத்தானே படிக்கிறார்கள்? அங்கே எப்படி வருகிறது?

என் தப்பிலிருந்தே தொடங்குகிறேன். வேலைக்குச் சேர்ந்த முதல் மூன்று ஆண்டுகளும், உதவித்தொகைப் படிவம் வரும்போதெல்லாம் வகுப்பில் ‘எஸ்சி பிள்ளைங்க எல்லாம் எழுந்து நில்லுங்க’ என்று சொல்லியிருக்கிறேன். என் ஆசிரியர்கள் அப்படித்தான் சொன்னார்கள், நானும் சொன்னேன். நான்காவது வருடம் ஒரு பெண் எழுந்திருக்கவில்லை. படிவம் போடாமல் அந்த வருடப் பணத்தையே விட்டுவிட்டாள். ஏன் என்று பிறகு தனியாகக் கேட்டபோது, ‘என் பக்கத்துல உட்கார்ற புள்ளைக்குத் தெரியாது டீச்சர்’ என்றாள்.

அன்று மாலை வீட்டுக்குப் போய் நான் அழுதேன். அதனால் அவளுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. அந்தப் பணத்தை அந்த வருடம் வாங்கித் தர முடியவில்லை. இப்போது படிவங்களை உறையில் போட்டுப் பெற்றோரிடம் கொடுக்கிறேன். இதற்கு அரசாணையோ செலவோ தேவைப்படவில்லை.

பையன்கள் கையில் கட்டும் கயிறு இன்னொன்று. எந்த நிறம் எந்தச் சாதி என்று ஆறாம் வகுப்புப் பையனுக்குத் தெரியும், புதிதாக வந்த ஆசிரியருக்குத் தெரியாது. கோயில் கயிறு என்பார்கள். சில சமயம் அது உண்மையாகவும் இருக்கும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரை அவரோடு படித்த மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அதன் பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு அமைக்கப்பட்டு 2024 ஜூனில் அறிக்கை வந்தது. சாதியைக் காட்டும் கயிறு கூடாது, வருகைப்பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது, பள்ளிப் பெயர்களில் சாதியைக் குறிக்கும் சொற்களை நீக்க வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. இவற்றில் பாதியை ஒரு தலைமையாசிரியர் நாளைக்கே செய்துவிடலாம்.

அப்புறம் சாப்பாடு. நம் மாநிலம் செய்ததில் எனக்கு மிகப் பெரிதாகத் தெரிவது இதுதான். 1956இல் காமராசர் விரிவுபடுத்திய மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவு, 2022இல் வந்த காலை உணவு என எல்லாவற்றையும் பசிக்கான திட்டங்களாகவே பேசுகிறோம். ஒரே பாத்திரத்துச் சோற்றை ஒரே வரிசையில் உட்கார்ந்து பல தலைமுறைப் பிள்ளைகள் சாப்பிட்டிருக்கிறார்கள். எங்கள் பாட்டி வீட்டில் நடக்கவே முடியாத பந்தி அது. அதனால்தான் எதிர்ப்பும் அங்கேதான் வருகிறது. 2023இல் கரூர் மாவட்டத்தில் ஒரு பள்ளியில் தலித் பெண் சமைக்கிறார் என்பதற்காகப் பெற்றோர் சிலர் தங்கள் பிள்ளைகளைக் காலை உணவு சாப்பிட விடவில்லை. மாவட்ட ஆட்சியர் நேரில் போய் அந்த உணவைச் சாப்பிட்டு, பெற்றோரிடமும் பேசினார். அப்படி ஆட்சியர் வராத பள்ளிகளில் சமையலரை மாற்றிவிட்டுப் ‘பிரச்சினை தீர்ந்தது’ என்று சொல்லிவிடும் ஆபத்து இருக்கிறது. தீர்த்தது யாருடைய பிரச்சினையை என்று கேட்க வேண்டும்.

சேர்க்கும்போதே சாதிச் சான்றிதழ் கேட்டால் சாதி எப்படி ஒழியும்?

சான்றிதழ் வருவதற்கு முன்பே கொட்டாங்குச்சி இருந்தது. விருப்பம் இல்லாதவர்கள் பள்ளி விண்ணப்பத்தில் சாதி, மதம் இரண்டையும் நிரப்பாமல் விடத் தமிழ்நாட்டில் வழி உண்டு. 2019இல் திருப்பத்தூர் வழக்கறிஞர் ஒருவர் சாதி, மதம் அற்றவர் என்று வட்டாட்சியரிடம் சான்றிதழே வாங்கினார். ஆனால் சலுகையைத் தேவையானவர் வாங்குவதற்கும் அந்தக் காகிதம்தான் ஆதாரம். காகிதத்தைக் கிழித்தால் தெரு ஒன்றாகிவிடும் என்றால் நானே முதலில் கிழிப்பேன்.

இட ஒதுக்கீட்டால் என் மகனுக்கு சீட் போய்விட்டது. அவன் யாரையும் ஒதுக்கவில்லையே?

பிள்ளைக்கு நினைத்த படிப்பு கிடைக்காத வலி எனக்குப் புரிகிறது. அதே நேரம், கணக்கையும் சேர்த்துப் பார்ப்போம். தமிழ்நாட்டின் 69 சதவீத ஒதுக்கீட்டில் பிற்படுத்தப்பட்டோருக்கு 30, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கும் சீர்மரபினருக்கும் 20, பட்டியல் சாதியினருக்கு 18, பழங்குடியினருக்கு 1. அதாவது 69இல் 50 ஊர்த்தெருக்காரர்களுக்குத்தான். என்னிடம் இதைக் கேட்டவர்களில் பலரும் அந்த ஐம்பதுக்குள் வருபவர்கள். நானும் அந்த ஐம்பதுக்குள் வந்தவள். இருந்தாலும் ஆசிரியர் அறையில் ‘கோட்டாவில் வந்தவர்’ என்று யாரைப் பற்றிச் சொல்கிறோம்? என்னைப் பற்றி இந்தப் பதினெட்டு வருடத்தில் யாரும் சொன்னதில்லை. அதே வருடம், அதே தேர்வு எழுதி, என்னைவிட இரண்டு மதிப்பெண் அதிகம் வாங்கி வந்த என் சக ஆசிரியரைச் சொல்கிறார்கள்.

‘காலனி’ என்ற சொல்லை எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா?

ஆகாது. ஆனாலும் எடுக்க வேண்டும். 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் அந்தச் சொல் நீக்கப்படும் என்று அறிவித்தார். நகரத்தில் ரயில்வே காலனி, வங்கி ஊழியர் காலனி என்றால் அது வெறும் குடியிருப்பு. கிராமத்தில் அந்தச் சொல்லுக்கு ஒரே ஒரு பொருள்தான். முகவரியில் அது இருந்தால் வீடு தேடும்போது, பெண் பார்க்கும்போது, வேலைக்குப் போகும்போது கூடவே வரும். நானும் இந்தப் பக்கத்தில் வேறு சொல் அமையாமல் அதை எழுதியிருக்கிறேன்.

சொல்லோடு நிறுத்தினால் போதாது. பல ஊர்களில் சுடுகாடு இன்றும் தனித்தனி. ஊர்த்தெரு வழியாகப் பிணம் எடுத்துப் போக முடியாமல் வரப்பில் தூக்கிக்கொண்டு போவதை நான் பார்த்திருக்கிறேன். பொதுச்சாலை, கிணறு, குளம் எல்லோருக்கும் உரியவை என்ற தீர்மானத்தை இரட்டைமலை சீனிவாசன் சென்னை சட்டமன்றத்தில் கொண்டுவந்தது 1924இல். நூறு ஆண்டு தாண்டிவிட்டது.

யாராவது சாதியைச் சொல்லித் திட்டினால் என்ன செய்யலாம்?

பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதி அல்லது பழங்குடியைச் சேர்ந்தவர், திட்டியவர் அப்படி இல்லை, நடந்தது பொதுப் பார்வையில் என்றால் 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பொருந்தும். நடந்த இடம், நேரம், சொன்ன வார்த்தை, அங்கே இருந்தவர்களின் பெயர் இவற்றை அன்றைக்கே எழுதி வையுங்கள். வழக்கை டிஎஸ்பி நிலை அதிகாரிதான் விசாரிக்க வேண்டும். கடமையை வேண்டுமென்றே செய்யாத அரசு ஊழியரைத் தண்டிக்கவும் அதில் பிரிவு இருக்கிறது. 14566 என்ற தேசிய உதவி எண்ணிலும் சொல்லலாம்.

சாட்சியாக இருந்தவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். பெரும்பாலும் வழக்கு விழுவது ஊர்க்காரர் ஒருவரும் ‘நான் பார்த்தேன்’ என்று சொல்லாததால்தான்.

அந்தச் சட்டத்தைத்தான் தவறாகப் பயன்படுத்துகிறார்களே? ‘பிசிஆர் போட்டுருவேன்’ (அதாவது வன்கொடுமை வழக்கு) என்று மிரட்டுகிறார்கள்.

எந்தச் சட்டத்திலும் பொய்ப் புகார் வரும். சொத்து வழக்கில் வருவதில்லையா? ஆனால் விடுதலை ஆன வழக்கெல்லாம் பொய் வழக்கு ஆகாது. சாட்சி பின்வாங்கியிருக்கலாம், விசாரணை மோசமாக நடந்திருக்கலாம். 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் இதே தவறான பயன்பாட்டைக் காரணம் காட்டிச் சட்டத்தின் பிடியைத் தளர்த்தியது. அதே ஆண்டு நாடாளுமன்றம் திருத்தம் கொண்டுவந்தது. 2019 அக்டோபரில் நீதிமன்றமே அந்த உத்தரவுகளைத் திரும்பப் பெற்றது.

சாதியை மட்டும் பேசுகிறீர்கள். மற்ற ஒதுக்குதல்கள்?

இருக்கின்றன. கட்டட வேலைக்கு வந்த பீகார் இளைஞரை நம் ஊரில் ‘வடக்கன்’ என்கிறோம். வயதும் பெயரும் கேட்பதில்லை. இலங்கையில் மலையகத் தமிழரைத் தமிழர்களே ‘தோட்டக்காட்டான்’ என்று இழிவாகச் சொன்னதுண்டு. சொல்லுகிற வாய் மாறுகிறது, குனிகிற ஆள் மாறுகிறார். நான் நேரில் வாழ்ந்து பார்த்தது சாதி என்பதால் அதையே எழுதுகிறேன்.

கலப்புத் திருமணம் நடந்தால் எல்லாம் மாறிவிடும் இல்லையா?

மெதுவாக. முன்பு சொன்ன அதே 2011-12 ஆய்வில் சாதி தாண்டிய திருமணம் ஏறக்குறைய 5 சதவீதம்தான். தமிழ்நாடு அரசு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் இப்படித் திருமணம் செய்வோருக்கு நிதியுதவியும் தாலிக்குத் தங்கமும் தருகிறது. நல்ல திட்டம். ஆனால் இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள் இருவரின் தோளில் ஒரு சமூகத்தின் மாற்றம் முழுவதையும் ஏற்றக் கூடாது. உயிர் போகிற இடம் அது. அவர்கள் காதலிக்கும் முன்பே நடுத்தர வயதுக்காரர்களான நாம் செய்திருக்க வேண்டியவை நிறைய உண்டு.

சரி, சொந்தக்காரர்களைப் பகைத்துக்கொண்டு நான் ஒருத்தி என்ன செய்ய முடியும்?

நான் செய்ததைச் சொல்கிறேன், அதில் தப்பு நடந்ததையும் சேர்த்து. மகள் காதுகுத்துக்கு எங்கள் பள்ளியின் சத்துணவு சமையலர் அக்காவைக் குடும்பத்தோடு அழைத்தேன். வந்தார்கள். முதல் பந்தியில் என் பக்கத்தில் உட்கார வைத்தேன். சின்ன அத்தை இலையை மடக்காமல் எழுந்து போனார். இன்னும் இரண்டு பேர் அவர் பின்னால் போனார்கள். அதற்குப் பிறகு அத்தை வீட்டு விசேஷம் எதற்கும் எங்களுக்கு அழைப்பு வரவில்லை.

நான் தைரியமாக ஒரு காரியம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அடுத்த திங்கட்கிழமை பள்ளியில் அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ‘டீச்சர், இப்படி ஆகும்னு முன்னாடியே சொல்லியிருந்தா நான் யோசிச்சு வந்திருப்பேன். என் பிள்ளைங்க சோத்துல கைய வச்சுக்கிட்டு அவங்க எழுந்து போறதப் பார்த்துச்சுங்க’ என்றார். எனக்கு அது தோன்றவே இல்லை. எழுந்து போனவர்களைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், உட்கார்ந்திருந்தவர்களை நினைக்கவில்லை. மன்னிப்புக் கேட்டேன்.

போன வருடம் வீட்டில் ஒரு விசேஷம் வந்தபோது அவரிடம் முதலிலேயே கேட்டேன். யார் யார் வருவார்கள் என்று விசாரித்தார். வருகிறேன், பிள்ளைகளைக் கூட்டி வரவில்லை என்றார்.